மூன்றாம் வளைவில் மொலாசஸ்

நசியா, லம்பாசா, ஃபிஜி
17 செப்டம்பர் 2006

அன்புள்ள ஷாலேஷ்,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக வாசலுக்கு மொலாசஸ் தண்ணீர் தெளித்தேன். கரும்பு சீசனில் இது என் ஞாயிற்றுக்கிழமை வேலை. ஆலையிலிருந்து வாங்கிய கறுத்த பாகு ஒரு டின், தண்ணீர் ஐந்து டின், வாளியில் கலக்கிக் கொட்டாங்கச்சியால் வீசித் தெளிப்பது. உனக்கு நினைவிருக்கும். வெறும் தண்ணீர் தெளித்தால் எட்டு மணிக்குள் காய்ந்துவிடுகிறது. கரும்பு லாரிகள் போகிற போக்கில் புழுதி சோற்றுத் தட்டு வரைக்கும் வருகிறது. மொலாசஸ் கலந்தால் ஒரு வாரம் மண் இறுகிக் கறுத்துக் கிடக்கும்.

கையைக் கழுவினேன். விரல்கள் இன்னும் ஒட்டின. அந்தக் கையோடே உட்கார்ந்து, பத்து நாளாகப் பிரிக்காமல் வைத்திருந்த அமெரிக்கத் தூதரகத்துக் கவரைப் பிரித்தேன்.

நீ 95-இல் எனக்காகப் போட்ட மனு. பதினோரு வருடம் வரிசையில் நின்று இப்போது நம் முறை வந்திருக்கிறது. படிவங்களை நிரப்பி அனுப்பினால் தலைநகர் சூவாவில் நேர்காணலுக்குக் கூப்பிடுவார்களாம். அதில் தேறினால் நான் உன் ஊர்க்காரி. ஒரு வருடம் பேசாமல் இருந்தால் மனு செத்துவிடும். அடுத்த ஜூனில் நம் நிலத்தின் குத்தகையும் முடிகிறது. உனக்கு இது சுலபமாகத் தோன்றும்: அங்கே கதவு திறக்கிறது, இங்கே கதவு மூடுகிறது, அக்கா கிளம்ப வேண்டியதுதான். எனக்கு அவ்வளவு வேகமாக வரவில்லை. படிவங்களை மறுபடி கவருக்குள் வைத்து அரிசி டப்பாவின் மேல் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வேளையும் அதை எடுத்து நகர்த்தினால்தான் சமைக்க முடியும். வேண்டுமென்றேதான் அங்கே வைத்தேன்.

இன்னொன்று. போன வாரம் போனில் உன் மனைவி சொன்னாள்: "தீதி, சனிக்கிழமை ஆனால் ஏதோ கார் ரேஸ் மைதானத்துக்குத் தண்ணீர் லாரி ஓட்டப் போகிறார். வரும்போது காதுக்குள் மண்." ஷாயல் அதைக் குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை. தண்ணீர் தெளிக்கிறவன் காதில் மண் எப்படிப் போகும்? அவன் புழுதிக்கு முன்னால் போகிறவன் அல்லவா?

பதில் எழுது. தமிழில் எழுது. அப்பா நம் இருவருக்கும் தமிழ் சொல்லிக்கொடுத்தது கோயிலில் பாடுவதற்கு. நாம் அதை வைத்திருப்பது உன் வீட்டில் வேறு யாராலும் படிக்க முடியாது என்பதற்காக. அவர் இருந்திருந்தால் வருத்தப்பட்டிருப்பார். ஆனால் வைத்திருக்கிறோமே.

அன்புடன்,
நாகு அக்கா

*

மொடெஸ்டோ, கலிபோர்னியா
8 அக்டோபர் 2006

அக்காவுக்கு,

நீ டீச்சர் ஆனது தப்பு. போலீஸ்ல சேந்திருக்கணும்.

சரி, சொல்றேன். தண்ணி லாரி நான்தான் ஓட்டறேன், அது பொய் இல்ல. சாயங்காலம் தண்ணி ஊத்தி முடிச்சதும் லாரிய ஓரமா நிறுத்திட்டு, ஷெட்டுக்குப் போய் என் கார்ல ஏறிக்கறேன். ரேஸ் கார். ரெண்டு வருஷம் ஆச்சு. இப்ப கத்தாதே, மீதியப் படி.

பழைய செவர்லே அக்கா. கண்ணாடி கிடையாது. கதவெல்லாம் வெல்ட் வச்சு மூடியாச்சு, ஜன்னல் வழியாத்தான் உள்ள போகணும். நாப்பத்தியொரு வயசுல, இந்த வயித்தோட. உள்ள இரும்புக் குழாய்ல கூண்டு கட்டியிருக்கு, அஞ்சு பெல்ட், ஹெல்மெட். ஒண்ணும் ஆகாது. ஊருக்கு வெளிய பாதாம் தோப்பு நடுவுல கால் மைல் ஓவல், முழுக்க களிமண்ணு. முட்டை மாதிரி ஒரு பாதை, ரெண்டு நேர் ரோடு, நாலு வளைவு, அவ்வளவுதான். இருபது கார் ஒரே நேரத்துல சுத்தும்.

எப்பவும் இடது பக்கம்தான் திரும்பணும். ஆனா மண்ணுல இடது திரும்பணும்னா ஸ்டீரிங்க வலது பக்கம் பிடிக்கணும். பின் சக்கரம் வெளிய ஓடும், முன் சக்கரம் எதிர்ப்பக்கம் பாக்கும், நீ பக்கத்து ஜன்னல் வழியா ரோட்டப் பாத்துக்கிட்டே போவ. இங்க பசங்க ரெண்டு சீசன் எடுத்துக்கறாங்க இத கத்துக்க. நான் மொத நாளே போனேன். மைதானத்துக்காரன் பேரு கிளைட், கெழவன், அவன் வந்து கேட்டான், எங்கடா கத்துக்கிட்ட? எங்க அக்காகிட்டன்னேன். அவ எங்க ஓட்டறா? கெமிஸ்ட்ரி டீச்சர்னேன். ஜோக்குன்னு நெனச்சு என் முதுகுல ஒரு அடி அடிச்சான்.

ஜோக்கா அது? மழை விட்ட மறுநாள், கரும்பு வெட்டின வயல்ல, அப்பா லாரிய வச்சுக்கிட்டு நீ சுத்துவியே. நான் பக்கத்து சீட்ல கதவப் பிடிச்சுக்கிட்டு அழுவேன். "அழாதே, எங்க போகணுமோ அங்கயே பாரு, லாரி தானா வரும்"னு சொல்லுவ. அந்த ஒண்ணுதான் எனக்கு இப்பவும் தெரியும்.

இங்க ஒரு தொல்லை. மூணாவது ரேஸ் வரதுக்குள்ள மண்ணு காஞ்சு ஏக்தம் சறுக்கும், புழுதில முன்னால போற கார் தெரியாது. நான் எவ்வளவு தண்ணி ஊத்தினாலும் பத்தல. நீ மொலாசஸ்னு எழுதினதப் படிச்சுட்டு நடு கிச்சன்ல நின்னு கத்திட்டேன். ஷாயல் ஓடிவந்து என்ன ஆச்சுன்னு கேட்டா. அக்கா சௌக்கியம்னேன். இங்க மாட்டுத் தீவனத்துக்கு மொலாசஸ் டாங்கர்ல வருது. எப்படிக் கலக்கணும், எப்ப ஊத்தணும், எல்லாம் எழுது.

கவரப் பிரிச்சியே, அதுவே பெரிய விஷயம். அரிசி டப்பா மேலயிருந்து எடு. உனக்கு ரூம் ரெடி. இளம் பச்சை அடிச்சிருக்கேன், நம்ம வீட்டுச் சமையல்கட்டு கலர். ஷாயல் இந்தக் கலரா இந்தக் கலரான்னு நாலு தடவ கேட்டா.

அவகிட்ட ரேஸ் பத்தி மூச்சு விடாதே. நான் ஏணில ஏறினாலே அவளுக்கு நெஞ்சு படபடங்கும். கார் போட்டோ வச்சிருக்கேன், பாரு.

ஷாலேஷ்

*

லம்பாசா
12 நவம்பர் 2006

அன்புள்ள ஷாலேஷ்,

போட்டோ கிடைத்தது. காரில் சாய்ந்து நிற்கிறாய், ஹெல்மெட்டைக் குழந்தை போல இடுப்பில் வைத்துக்கொண்டு. தொப்பை இருக்கிறது. சந்தோஷமாகவும் இருக்கிறாய். முதலில் அதைத்தான் பார்த்தேன். பிறகுதான் கதவில் இருந்த எண்ணைப் பார்த்தேன். 317.

அது நம் லாரியின் எண்.

போட்டோவை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு விடைத்தாள் திருத்தப் போனேன். ஆறு விடைத்தாளுக்குப் பிறகு திரும்பி வந்து மறுபடி எடுத்தேன். இப்போது எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இன்னொரு பத்தொன்பது வருடம் எழுத மாட்டேன்.

87 அக்டோபர். இரண்டாவது தடவை ராணுவம் ஆட்சியைப் பிடித்த மறுமாதம். பள்ளியிலிருந்து வந்தேன். கொட்டகையில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. நீ அதற்குள் நாடி விமான நிலையத்துக்குப் போய்விட்டிருந்தாய். லாரி உன் டிக்கெட்டாகிவிட்டது என்று அப்பா சொன்னார். "பையன் பிழைத்துப் போகட்டும்" என்றும் சொன்னார். இந்தியர்களுக்கு இனி இங்கே இடமில்லை என்று ஊரெல்லாம் பேச்சு. எல்லோரும் போய்க்கொண்டிருந்தார்கள். போகிறவர்கள்மேல் கோபப்பட்டால் ஊரையே கோபிக்க வேண்டும்.

நீ போனதற்கு எனக்குக் கோபமில்லை. அன்றும் இல்லை. ஆனால் அந்த லாரியை ஓட்டியவள் நான். விடியற்காலையில் ஆலை வாசலில் ஆண்பிள்ளைகளின் வரிசையில் அதை நிறுத்தி, பிறகு அதே சேலையோடு பள்ளிக்குப் போனவள் நான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கொடுத்திருப்பேனா என்று கேட்காதே. சொல்லியிருக்கலாம்.

சரி. எழுதிவிட்டேன். மொலாசஸுக்கு வருகிறேன்.

ஒன்றுக்கு ஐந்து. அதற்கு மேல் கெட்டியாக்காதே, சக்கரத்தோடு மண்ணே பெயர்ந்து வரும். வெந்நீரில் கரைத்துவிட்டுப் பிறகு பச்சைத் தண்ணீர் சேர். மேல்மண்ணை இரண்டு விரல்கடை கீறிவிட்டு முதல்நாள் மாலையே ஊற்று, இரவெல்லாம் உள்ளே இறங்கட்டும். மழை வரும் என்றால் கிட்டவே போகாதே, சோப்புத் தேய்த்த தரையாகிவிடும். எறும்பு வரும். அது எறும்பின் உரிமை.

இங்கே கடைசி லோடு போன வாரம் போனது. குத்தகை முடிகிறதே என்று இந்தத் தடவை வெட்டிய கட்டையை மறுதாம்பாகத் தழைய விடவில்லை. ஜோசேவாவின் ஆட்கள் வயலை உழுது சமப்படுத்திவிட்டார்கள். நம் நிலம் அவருடைய பூர்வகுடிக் குலத்தாருக்குச் சொந்தம், அவர்தான் அவர்களில் பெரியவர் என்பது உனக்குத் தெரியும். "புதிய குத்தகை உண்டா?" என்று கேட்டேன். "பஹினி, இருபது பேர் உட்கார்ந்து பேச வேண்டும், இருபது பேரும் நன்றாகப் பேசுவார்கள்" என்றார், தங்கை முறை வைத்து, நம்மைவிட நல்ல ஹிந்தியில்.

படிவத்தில் பாதி எழுதினேன். "நிரந்தர முகவரி" என்ற கட்டத்தில் அரை மணி நேரம் நின்றேன். பேனாவில் மை உறைந்துவிட்டது.

நாகு அக்கா

*

மொடெஸ்டோ
10 டிசம்பர் 2006

அக்கா,

டிவில காட்டினாங்க. மறுபடி ராணுவம், மறுபடி சூவா ரோட்டுல லாரி, மறுபடி ஒருத்தன் மைக் முன்னால நின்னு எல்லாம் அமைதியா இருக்குங்கறான். செவ்வாய்க்கிழமைலேந்து உனக்கு போன் போட்டுப் போட்டு விரல் வலிக்குது. கடைசில புதன் ராத்திரி எடுத்து "நான் பாத்திரம் தேய்க்கிறேன், அப்பறம் பேசு"ங்கற!

இது நாலாவது. 87-ல ரெண்டு, 2000-ல ஒண்ணு, இப்ப இது. இன்னும் எத்தன பாக்கணும் உனக்கு? எத்தன வந்தா போதும்னு சொல்லு, நான் அதுவரைக்கும் போன் போடாம இருக்கேன். நிலம் போகப் போகுது. உன் கூட வேலை பாத்தவங்க பாதிப்பேர் ஆக்லாந்துல இருக்காங்க. ஜான்கி டீச்சர் கூடப் போயாச்சு. அங்க உனக்கு என்ன இருக்கு? நெஞ்சில கை வச்சு சொல்லு, என்ன இருக்கு?

அந்த மீதி பாதியையும் எழுதி அனுப்பு.

லாரி விஷயம். மூணு நாள் அந்தக் கடுதாசிய பாக்கெட்லயே வச்சிருந்தேன். பஜார்ல ராஜேந்திரா கிட்ட வித்தேன். அவன் சாவிய வாங்கிட்டு, "உங்க அக்கா ஒத்துக்கிட்டாளா?"ன்னு கேட்டான். ஆமான்னேன். உன்கிட்ட சொல்லியிருந்தா நீ கத்தியிருக்க மாட்ட. சாவிய எடுத்து நீயே குடுத்திருப்ப. அத வாங்கற தைரியம் எனக்கு இல்ல. உன் முன்னால அழுதிருப்பேன், அப்பறம் போயிருக்கவே மாட்டேன். இருபத்திரெண்டு வயசு அக்கா.

கார்ல நம்பர் எழுத பெயிண்ட் டப்பாவோட கிளைட் நின்னப்ப வேற எந்த நம்பரும் வாயில வரல.

ஷாலேஷ்

*

லம்பாசா
7 ஜனவரி 2007

அன்புள்ள ஷாலேஷ்,

"அங்கே உனக்கு என்ன இருக்கிறது" என்ற வரியை மூன்று முறை படித்தேன். இரண்டு முறை ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது முறை கோபம் வந்தது.

செவ்வாய்க்கிழமை நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். ரேடியோ கேட்டேன். சந்தைக்குப் போனேன். பாலத்தருகே ராணுவத்துப் பிள்ளைகள் வண்டிகளை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் என் பைக்குள் எட்டிப் பார்த்தான், பிறகு என்னை. "மிஸ், நீங்கள் எனக்குக் கெமிஸ்ட்ரியில் முப்பத்தாறு போட்டீர்கள்" என்றான்.

"முப்பத்தாறுக்குத்தான் எழுதியிருந்தாய்."

"நாற்பது இருந்தால் நான் இன்று பாலத்தில் நிற்க மாட்டேன், மிஸ்."

"வாத்தியாரைக் குறை சொல்லாதே. முதலில் துப்பாக்கியை அந்தப் பக்கம் திருப்பு, கத்தரிக்காய்மேல் படுகிறது."

திருப்பினான். பையைத் தூக்கி மறுபக்கம் கொண்டுவந்தும் கொடுத்தான்.

பயமில்லை என்று சொல்ல மாட்டேன். 2000-இல் நாடாளுமன்றத்தைச் சிறைப்பிடித்து வைத்திருந்த அந்த ஐம்பத்தாறு நாளும் கதவுக்கு முட்டாகப் பெட்டியை வைத்துக்கொண்டுதான் படுத்தேன். இந்தத் தடவை பெட்டியை நகர்த்தலாமா என்று யோசித்தேன். முதுகு வலித்தது, விட்டுவிட்டேன். இது தைரியமா, நாற்பத்துநான்கு வயதா என்று எனக்கே தெரியவில்லை.

என்ன இருக்கிறது என்று கேட்டாய். எனக்குப் பட்டியல் போட வரவில்லை. ஆசிரியர் அறையில் ஐந்து நாற்காலி காலி, உண்மை. அதனால் நான் இப்போது கெமிஸ்ட்ரியோடு கணக்கும் எடுக்கிறேன். கணக்கு எனக்குப் பிடித்துவிட்டது. இதை நீ ஒரு பதிலாக எடுத்துக்கொள்வாயா என்று தெரியாது. நீ சனிக்கிழமை ஜன்னல் வழியாகக் காருக்குள் நுழைகிறாயே, அங்கே உனக்கு என்ன இருக்கிறது என்று நான் கேட்டேனா?

இருந்தாலும் படிவங்களை நிரப்பி அனுப்பிவிட்டேன். கோபத்தில் அல்ல. நீ எனக்காகப் பதினோரு வருடம் நின்றிருக்கிறாய். அதைப் பார்க்காமலே வேண்டாம் என்று சொல்வது மரியாதை இல்லை.

லாரியைப் பற்றி எழுதினாய். சாவியை நானே எடுத்துக் கொடுத்திருப்பேன் என்று உனக்கு அன்றே தெரிந்திருக்கிறது. எனக்கு உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் தெரிந்தது. போதும். இனி அதை எழுத வேண்டாம்.

நாகு அக்கா

*

மொடெஸ்டோ
1 ஏப்ரல் 2007

அக்காவுக்கு,

தேதியப் பாத்து பொய்னு நெனைக்காதே. எல்லாம் நேத்து நடந்தது.

சீசன் ஆரம்பம். நீ சொன்ன மாதிரியே வெந்நீர், ஒண்ணுக்கு அஞ்சு, மண்ணக் கீறிட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊத்தினேன். சனிக்கிழமை காலைல போய்ப் பாத்தா ஓவல் முழுக்க கேக் மாதிரி கறுப்பா, மெத்துனு. கிளைட் குனிஞ்சு ஒரு விரல்ல தொட்டு நக்கிப் பாத்தான். மத்தியானம் மூணு மணிக்கு பழகறதுக்கு ஓட்டினோம். அக்கா! சக்கரம் மண்ணக் கவ்வுது! தூசியே இல்ல! எல்லாரும் என் கையப் பிடிச்சுக் குலுக்கறாங்க. நீ இருந்திருந்தா உன்னத் தோள்ல தூக்கியிருப்பாங்க.

நாலு மணிக்கு மூணாவது வளைவுல புகை மாதிரி ஏதோ எழும்புச்சு. யாரோ இஞ்சின வெடிச்சுட்டான்னு பாத்தா, தேனீ. ஆயிரம் இல்ல, லட்சம். பாதாம் பூ மகரந்தத்துக்காக இங்க ஊர் ஊரா தேனீப் பெட்டி கொண்டாந்து வைப்பாங்க. பூ முடிஞ்சுபோச்சு, பெட்டிங்கள எடுத்துட்டுப் போற லாரி இன்னும் வரல. எல்லாம் பசில கிடந்திருக்கு. நான் கால் மைலுக்கு இலை போட்டுப் பரிமாறியிருக்கேன்.

நீ எறும்புன்னு மட்டும்தான எழுதின!

தேனீக்காரர் வந்தார், பாத்தார், தொப்பியக் கழட்டிட்டுச் சிரிச்சார். சூரியன் எறங்கினா தானா வீட்டுக்குப் போயிடும்னார். ரெண்டு மணி நேரம் அத்தன சனமும் உக்காந்திருக்கு. மைக்ல ஒருத்தன் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ, "ஃபிஜிக்காரர் ஷாலேஷின் விருந்தாளிகள் இன்னும் சாப்பிட்டு எழுந்திருக்கவில்லை"ங்கறான்.

எனக்கு ரெண்டு கொட்டு, வலது கண்ணு மூடியே போச்சு. கிளைட் நல்லது செய்யறேன்னு என் வீட்டுக்கு போன் போட்டுட்டான். "உங்க புருஷன் இன்னிக்கு ரேஸ் ஓட்ட முடியாது, வந்து கூட்டிட்டுப் போங்க." அதுக்கு ஷாயல் என்ன ரேஸ்னு கேட்டிருக்கா.

வந்தா. காரப் பாத்தா. கதவுல என் பேரு எழுதியிருக்கறதப் பாத்தா.

"தண்ணி லாரின்னு சொன்னியே?"

"தண்ணி லாரியும்தான்."

வீடு வர வரைக்கும் அவதான் ஓட்டினா. ஒத்தக் கண்ணால அவ முகத்தப் பாத்துக்கிட்டே வந்தேன். வாசல்ல சாவி போடறப்ப கேட்டா, "தீதிக்குத் தெரியுமா?" தெரியும்னேன். அப்பத்தான் அழுதா. ரேஸ் ஓட்டினதுக்கு இல்ல அக்கா. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்"னா. நீ லாரிக்கு எழுதினியே, அதே வார்த்தை. நான் பொண்டாட்டிகிட்டயும் அதே வேலையச் செஞ்சிருக்கேன்.

இன்னிக்குக் காலைல காப்பிய முன்னால வச்சுட்டு, "அடுத்த சனிக்கிழமை எத்தன மணிக்கு?"ன்னு கேட்டா. தானும் வராளாம்.

இன்னொரு சேதி. வேற ஊர்ல தார் போட்ட ஓவல் இருக்கு, அரை மைல், பெரிய இடம். அங்க கார் வச்சிருக்கற ஒருத்தன் என்ன ஓட்டச் சொல்றான். மண்ணுலேந்து தாருக்குப் போறதுன்னா இங்க பெரிய பேரு. எல்லாரும் போ போங்கறாங்க.

ஷாலேஷ்

*

லம்பாசா
29 ஏப்ரல் 2007

அன்புள்ள ஷாலேஷ்,

ஆசிரியர் அறையில் உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கெட்ட செய்தியா என்று கேட்டார்கள். தேனீ என்றேன். எறும்புவரை யோசித்தவள் தேனீயை யோசிக்காதது என் தவறு. லம்பாசாவில் பசித்த தேனீயை நான் பார்த்ததில்லை. ஷாயலிடம் நான் தனியாக மன்னிப்புக் கேட்டு ஹிந்தியில் எழுதியிருக்கிறேன். உனக்கு அதைக் காட்ட மாட்டாள்.

நேர்காணல் தேதி வந்துவிட்டது. ஜூன் 26, செவ்வாய்க்கிழமை, சூவா. 25-ஆம் தேதி காலை விமானத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன்.

நேற்று ஜோசேவா வந்தார். இருபது பேரும் பேசி முடித்துவிட்டார்களாம். வயலை அவர்களே வைத்துக்கொள்கிறார்கள். வீடும் அதைச் சுற்றி ஒரு ஏக்கரும் எனக்குக் குத்தகைக்குத் தரலாம் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார்கள், நான் இருப்பதானால். "இருப்பதானால்" என்பதைச் சொல்லும்போது அவர் கூரையைப் பார்த்தார். யோசிக்கிறேன் என்றேன். "பஹினி, நாங்கள் ஐந்து மாதம் யோசித்தோம். உனக்கு ஜூன் வரை போதுமா?" என்றார். அவருடைய கிழட்டு லாரி கிளம்பவில்லை, நான்தான் பின்னால் நின்று தள்ளினேன்.

தார் எப்படி இருந்தது என்று எழுது. எல்லோரும் போ என்கிறார்கள் என்று எழுதினாய். உனக்கு என்ன தோன்றியது என்று எழுதவில்லை.

நாகு அக்கா

*

மொடெஸ்டோ
27 மே 2007

அக்காவுக்கு,

மூணு வாரம் தார்ல ஓட்டினேன். ரெண்டு வாரம் கடைசி. ஒரு தடவ கடைசிக்கு முன்னால வந்தேன், அதுவும் ஒருத்தனுக்கு டயர் போனதால.

உனக்கு எப்படிச் சொல்றது? மண்ணு சும்மா இருக்காது. ஆறு மணிக்கு ஈரமா இருக்கற இடம் ஏழு மணிக்கு சறுக்கும். உள்பக்கம் காஞ்சா மேல செவத்தோரம் போய் ஈரம் தேடணும். ஒவ்வொரு சுத்துக்கும் நீ அதப் பாத்து, அது உன்னப் பாத்து. தார்ல அப்படி இல்ல. ஒரு கோடு இருக்கு, எல்லாரும் அந்தக் கோட்டுலதான் போகணும். சறுக்கினா தப்பு. நான் சின்ன வயசுலேந்து கத்துக்கிட்டது எல்லாமே அங்க தப்பு. தார் மோசம்னு சொல்லல அக்கா. அதுல நல்லா ஓட்டறவன் இருக்கான், பாக்க அழகா இருக்கு, கத்தியால கோடு இழுத்த மாதிரி. அது நான் இல்ல, அவ்வளவுதான்.

மூணாவது வாரம் முடிஞ்சு வண்டிலேந்து எறங்கி அந்த ஆள்கிட்ட சாவியக் குடுத்துட்டேன். ரொம்ப தேங்க்ஸ், எனக்கு வேணாம்னேன். பைத்தியமாடா உனக்கு, இது மேல போற வழின்னான். எனக்கு மேல போற மாதிரி இல்லன்னேன். திரும்பி வரப்ப வழி முழுக்க சிரிச்சுக்கிட்டே வந்தேன்.

நேத்து நம்ம மண்ணுல நாலாவது வந்தேன். தேனீப் பெட்டியெல்லாம் ஊருக்குப் போயாச்சு, மொலாசஸ் மறுபடி ஊத்தறோம். கிளைட் அந்த வளைவுக்கு பேர் வச்சுட்டான், மொலாசஸ் வளைவு. பலகை கூட அடிச்சாச்சு.

வருஷத்துல ஒரு நாள் பொம்பளைங்க ரேஸ் உண்டு, ட்ரைவருங்க வீட்டுப் பொம்பளைங்க ஓட்டுவாங்க. இந்தத் தடவ ஷாயல் பேரு குடுத்துட்டா. எனக்குத்தான் இப்ப நெஞ்சு படபடங்குது. "அடுத்த வருஷம் தீதி வந்து ஓட்டட்டும், நான் டைம் எடுக்கறேன்"னு சொல்றா.

26-ம் தேதி நல்ல சேலையா கட்டிக்கிட்டுப் போ. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, அவங்களுக்குப் பாடம் நடத்தாதே.

ஷாலேஷ்

*

லம்பாசா
24 ஜூன் 2007, ஞாயிறு

அன்புள்ள ஷாலேஷ்,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. தினமும் ஒரு தடவை படித்தேன். பெட்டி கட்டியாகிவிட்டது. மாம்பழக் கலர் சேலை மேலே இருக்கிறது. சான்றிதழ்கள், எக்ஸ்ரே, போலீஸ் கடிதம், நம் இருவரின் பிறப்புச் சீட்டு எல்லாம் ஒரு உறையில். நாளை காலை ஏழரை மணிக்கு விமானம்.

வியாழக்கிழமை நல்ல மழை. வெள்ளி மாலை ஜோசேவா தன் லாரியைக் கொண்டுவந்து வயலோரம் நிறுத்தினார். அரை மணி நேரம் அதைத் திட்டினார். கியர் விழவில்லையாம். நான் ஏறிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. இருபது வருடமாக நான் எந்த லாரியிலும் ஏறியதில்லை. சேலையைச் செருகிக்கொண்டு ஏறினேன். கிளட்சை இரண்டு தடவை மிதித்தால் விழுகிற கியர்தான். விழுந்தது.

வயல் முன்னால் கிடந்தது. உழுது சமப்படுத்தி, ஏழு மாதம் மழையும் வெயிலும் வாங்கிக் கறுத்து, மேலே மட்டும் ஈரமாக. நான் லாரியை வயலில் இறக்கிவிட்டேன்.

முதல் சுற்று மெதுவாகத்தான் போனேன். இரண்டாவது சுற்றில் தென்னை மரத்தருகே லாரியின் பின்பக்கம் சறுக்கி வெளியே போய்விட்டது. கை தானாக எதிர்ப்பக்கம் திருப்பியது ஷாலேஷ். நான் யோசிக்கவில்லை. பக்கத்து ஜன்னல் வழியாக நம் வீடு வந்தது, சமையலறைக் கதவு வந்தது, அதன் இளம் பச்சை வந்தது. போகவேண்டிய இடத்தைப் பார்த்தால் லாரி தானாக வரும் என்று உனக்கு நான்தானே சொன்னேன். மூன்று சுற்று போனேன். நிறுத்தியபோது ஜோசேவா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பஹினி, இது கரும்பு லாரி."

"தெரியும்."

"இதற்கு பிரேக் சரியாகக் கிடையாது."

"அதையும் இப்போதுதான் கவனித்தேன்."

வேலியை விட்டுவிட்டுக் குனிந்து சக்கரங்களைப் பார்த்தார். பிறகு, "இன்னொரு தடவை போ, என் பெண்டாட்டியைக் கூப்பிட்டு வருகிறேன்" என்றார்.

இரண்டு நாளாகச் சமையல் செய்யும்போதும் குளிக்கும்போதும் எனக்குள் ஏதோ இலேசாக இருக்கிறது. முதலில் லாரி ஓட்டிய சந்தோஷம் என்றுதான் நினைத்தேன். இன்று காலை வாசல் தெளிக்கும்போது அது வேறு என்று தெரிந்தது. உன் கடிதத்தை எடுத்து மறுபடி அந்த இடத்தைப் படித்தேன். சாவியைக் கொடுத்துவிட்டு வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தேன் என்று எழுதியிருக்கிறாய்.

நீ பச்சை அடித்து வைத்திருக்கும் அறையை நான் நினைக்காமல் இல்லை. அதில் வந்து தங்குவேன். எப்போது, எப்படி விடுவார்கள் என்று தெரியாது, ஆனால் விருந்தாளியாக வருவேன், ஷாயலோடு அந்த ரேஸில் ஓட்டுவேன், அவளை ஜெயிக்க விட மாட்டேன். அது வேறு. உன் ஊர் மோசம் என்று நான் சொல்லவில்லை. அதில் நன்றாக இருப்பவர்கள் இருக்கிறார்கள். நீயே இருக்கிறாய். இங்கே பாலத்தில் மறுபடி பிள்ளைகள் நிற்கலாம். ஐந்தாவதும் வரலாம். ஆறு மணிக்கு ஈரமாக இருக்கும் இடம் ஏழு மணிக்குச் சறுக்கும். எனக்குத் தெரிந்தது இந்த மண்தான்.

உனக்கு இது வலிக்கும். பதினோரு வருடம் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் முதலில் உனக்கு எழுதுகிறேன். நாளை இரவு போன் செய்து சொல்லவும் செய்வேன். சொல்லாமல் செய்தது என்று நம் வீட்டில் இன்னொன்று இருக்க வேண்டாம். ஆனால் இந்த நிமிடம் வரை யாருக்கும் தெரியாது. ஜோசேவாவுக்குத் தெரியாது, பள்ளிக்குத் தெரியாது, கட்டி வைத்த பெட்டி இன்னும் கட்டியபடியே இருக்கிறது.

நாளைக் காலை நான் அந்த விமானத்தில் ஏறப் போவதில்லை. ஏழரை மணிக்கு ஜோசேவாவின் வீட்டுக்குப் போய், அந்த ஒரு ஏக்கரைக் கேட்பேன். லாரியையும் கேட்பேன்.

உன்
நாகு அக்கா